இந்த ஹெட்செட் யாரோட தலைக்கு அளவெடுத்தது?

1/ நீளமான த்ரெட், பொறுமையா படிங்க. ஏஆர் கண்ணாடி, ஹெட்செட் வாங்கலாமான்னு யோசிக்கிறவங்க, வேலை இடத்துல "இதை மாட்டிக்கோங்க"ன்னு சொல்லப்பட்டவங்க, சும்மா தெரிஞ்சு வச்சுக்கலாம்னு நினைக்கிறவங்க, மூணு பேருக்கும் சேர்த்துதான் எழுதுறேன். இது டெக் ரிவ்யூ இல்லை. கண் டாக்டர் ஒருத்தரோட கருத்து.

2/ சமீபத்துல ஒரு தம்பி அவங்க அம்மாவைக் கூட்டிட்டு ஓபி-க்கு வந்தார். (அவங்க சம்மதத்தோடதான் எழுதுறேன். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) அம்மாவுக்கு அறுபது தாண்டிடுச்சு. காது ரொம்பக் குறைவு. காது மிஷின் போட்டும் நாலு பேர் சேர்ந்து பேசுற இடத்துல ஒண்ணும் புரியறதில்லை. அதனால விசேஷ வீடுகளுக்குப் போறதையே நிறுத்திட்டாங்க.

3/ எதிர்ல இருக்கிறவங்க பேசுறதை எழுத்தாக்கி, சப்டைட்டில் மாதிரி கண்ணாடியிலேயே காட்டுற சாதனம் ஒண்ணு அம்மாவுக்கு வாங்கித் தரணும்னு தம்பிக்கு ஆசை. மாடலும் முடிவு பண்ணிட்டார். ரெசல்யூஷன், பிரைட்னெஸ், பேட்டரி, விலை எல்லாம் மனப்பாடம். "அம்மாவோட கண் பவர் மட்டும் பார்த்துச் சொல்லுங்க டாக்டர், ஆர்டர் போட்டுடறேன்"ன்னார்.

4/ பரிசோதிச்சுப் பார்த்தா அம்மாவோட வலது கண் சோம்பேறிக் கண். சின்ன வயசுலேயே வந்தது, அப்போ யாரும் கவனிக்கலை. இடது கண் நல்லா இருக்கிறதால அவங்களுக்கே அது பெருசா தெரியலை. தம்பி தேர்ந்தெடுத்திருந்த கண்ணாடியோ, எழுத்தை வலது கண்ணுக்கு மட்டும்தான் காட்டும். இடது பக்கம் மாத்திக்கிற வசதி இல்லை.

5/ யாருக்காக வாங்குறாரோ அவங்களால மட்டும் அதைப் படிக்க முடியாது! அவர் படிச்ச அத்தனை ரிவ்யூவிலும் இதைப் பத்தி ஒரு வரி இல்லை. பிக்சல் கணக்கு இருந்தது. "வலது கண் பார்வை நல்லா இருக்கணும்"ங்கிற வரி இல்லை.

6/ நான் சொல்ல வர்றது இதுதான். திரையை எந்தக் கண் முன்னாடி வைக்கிறது, பேட்டரியை எங்கே வைக்கிறது, பிம்பத்தை எத்தனை மீட்டர் தள்ளி நிறுத்துறது, இதெல்லாம் வெறும் பொறியியல் முடிவு இல்லை. யார் உடம்புக்கு ஒத்துக்கும், யார் உடம்புக்கு ஒத்துக்காதுங்கிற முடிவும் அதுக்குள்ளேயே இருக்கு. அப்படின்னா அதைப் பெட்டி மேல எழுதியே ஆகணும்.

7/ முதல்ல அடிப்படை. விஆர் உங்களை வேற உலகத்துக்குள்ள கொண்டு போகும். ஏஆர் அப்படி இல்லை. நீங்க இருக்கிற அறை, எதிர்ல நிக்கிற ஆள் எல்லாம் தெரியும். அதுக்கு மேல எழுத்தோ படமோ சேர்த்துக் காட்டும். நிஜ உலகம் கண்ணுக்கு எப்படி வந்து சேருதுங்கிறதுல ரெண்டு வழி இருக்கு.

8/ ஒண்ணு, கண்ணாடி வழி. உலகத்தை நேரடியா கண்ணாடி ஊடே பார்க்குறீங்க, படம் அந்தக் கண்ணாடியில சேருது. மைக்ரோசாஃப்ட் ஹோலோலென்ஸ், மேஜிக் லீப் இந்த வகை. இன்னொண்ணு, கேமரா வழி. கண் முன்னாடி இருக்கிறது முழுசா மூடின திரை. வெளியில இருக்கிற கேமரா எடுக்கிற காட்சியைத் திரையில பார்க்குறீங்க. ஆப்பிள் விஷன் ப்ரோ, மெட்டா குவெஸ்ட் 3 இந்த வகை.

9/ இதுல எது உசத்தின்னு கேட்காதீங்க. ரெண்டுக்கும் விலை உண்டு. அந்த விலையை ரூபாய்ல பாதி கட்டுறோம், மீதியைக் கழுத்தும் கண்ணும் உட்காதும் கட்டுது. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

10/ எடை. 1968-ல ஐவன் சதர்லேண்ட் அமெரிக்காவுல செஞ்சு காட்டின கருவியைத்தான் இந்தக் குடும்பத்துக்கே மூதாதைன்னு சொல்வாங்க. தலை எந்தப் பக்கம் திரும்புதுன்னு அளக்க, கூரையிலிருந்து தொங்குற ஒரு இரும்புக் கை அதோட இணைஞ்சிருந்தது. தலைக்கு மேல தொங்குறதால "டெமாக்ளீஸின் வாள்"னு பேர் வந்துடுச்சு. அன்னைக்குக் கூரை தாங்கினது. இப்போ கூரை இல்லை. யார் தாங்குறது?

11/ மனுஷத் தலையே சுமார் நாலரை, அஞ்சு கிலோ இருக்கும். கழுத்து எலும்பு அதை நேரா வச்சுத் தாங்கப் பழகினது. தலையில தண்ணிக் குடம் வச்சு நடக்கிறவங்களைப் பார்த்திருப்பீங்க. அதுவும் கழுத்துக்கு நல்லதில்லைதான். ஆனா பாரம் நேரா கீழே இறங்குது, எந்தப் பக்கமும் இழுக்கலை.

12/ முகத்துக்கு முன்னாடி தொங்குற அரைக் கிலோ அப்படி இல்லை. அது தலையை முன்பக்கம் கவிழ்க்கப் பார்க்கும். கவிழாம இருக்கப் பின்கழுத்துத் தசை நாள் முழுக்க இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். பாரம் எவ்வளவு தூரம் முன்னாடி போகுதோ அவ்வளவு இழுவை. அதனால எத்தனை கிராம்ங்கிறது பாதிக் கேள்வி. எங்கே இருக்குங்கிறது மீதிப் பாதி.

13/ இதுக்கு நல்ல உதாரணம் ஹோலோலென்ஸ். முதல் மாடல் 579 கிராம். 2019-ல அறிவிச்ச ரெண்டாவது மாடல் 566 கிராம். வித்தியாசம் வெறும் 13 கிராம், ஒரு லட்டு கூட இல்லை. ஆனா பேட்டரியையும் கம்ப்யூட்டரையும் பின்னந்தலைக்குக் கொண்டு போனாங்க. முன்னாலும் பின்னாலும் பாரம் ஒத்துப்போச்சு. மாட்டிப் பார்த்தவங்களுக்கு வித்தியாசம் உடனே தெரிஞ்சது.

14/ ஆப்பிள் வேற வழி எடுத்தது. 2024 பிப்ரவரியில வந்த விஷன் ப்ரோ 600 முதல் 650 கிராம். பேட்டரி தலையில இல்லை. தனியா 353 கிராம், வயரோட பாக்கெட்ல கிடக்கும். அப்படியும் முன்பாரம்னு புகார் வந்தது. 2025 அக்டோபர்ல வந்த புது மாடல்ல பட்டைக்குள்ள டங்ஸ்டன் வச்சுத் தைச்சாங்க. மொத்த எடை 750-800 கிராம் ஆச்சு.

15/ கவனிங்க. எடையைக் கூட்டித்தான் சௌகரியத்தைக் கூட்டியிருக்காங்க! கிராம் கணக்கை மட்டும் பார்த்து வாங்குறவருக்கு இது பின்னடைவாத் தெரியும். கழுத்துக்கு அது சமநிலை. ஆனாலும் ஒண்ணு: சமநிலை இழுவையைக் குறைக்கும், பாரத்தைக் குறைக்காது. கழுத்து எலும்புத் தேய்மானம் இருக்கிறவருக்கு மொத்த எடையும் கணக்குதான்.

16/ சூடு. சிப் வேலை செஞ்சா சூடாகும். போன் சூடானா கீழே வச்சுடலாம். நெத்திப்பொட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கிறது சூடானா? அதனால ஒண்ணு ஃபேன் வைக்கணும் (எடை), இல்லைன்னா சிப்போட வேகத்தைக் குறைக்கணும் (படம் தடுமாறும்), இல்லைன்னா கம்ப்யூட்டரையே தலையிலிருந்து இறக்கி வைக்கணும்.

17/ மேஜிக் லீப் மூணாவது வழியை எடுத்தது. கம்ப்யூட்டரும் பேட்டரியும் இடுப்புல, தலையில 316 கிராம். மெட்டா 2024-ல காட்டின ஓரியன்ங்கிற மாதிரிக் கருவியும் அதே வழிதான்: கண்ணாடி சுமார் 98 கிராம், கணக்குப் போடுற பெட்டி தனி. சூட்டையும் பாரத்தையும் ஒழிக்க முடியாது, இடம்தான் மாத்த முடியும்.

18/ வெளிச்சம். கண்ணாடி வழிக் கருவிகள் பலதுல பக்கவாட்டுல குட்டி ப்ரொஜெக்டர் இருக்கும். அதோட ஒளி மெல்லிசான கண்ணாடிக்குள்ள பட்டுப் பட்டு ஓடி, கண்ணுக்கு நேரா வர்றப்போ வெளியே வரும். வழியில பெரும்பகுதி வீணாகி, கண்ணுக்கு வந்து சேருறது மிகச் சின்னப் பங்கு. பிரைட்னெஸைக் கூட்டினா பேட்டரி தீரும், சூடாகும். மறுபடி எடை.

19/ இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. கண்ணாடி வழியில கறுப்பு நிறம் காட்ட முடியாது. அந்தத் திரைக்கு ஒளியைச் சேர்க்க மட்டும்தான் தெரியும், உலகத்துலேருந்து வர்ற ஒளியை அழிக்கத் தெரியாது. அதனால நம்ம ஊர் மத்தியான வெயில்ல, வெள்ளைச் சுவருக்கு முன்னாடி எழுத்து வெளிறிப் போகும்.

20/ இதுக்குத் தீர்வா கண்ணாடியைக் கறுப்பாக்குவாங்க. மேஜிக் லீப் 2 தேவையான இடத்தை மட்டும் மங்க வைக்கிற வித்தையே பண்ணுது. நல்லதுதான். ஆனா புரை விழ ஆரம்பிச்ச கண்ணுக்கு ஏற்கெனவே உள்ளே ஒளி சிதறும், மங்கல்ல எழுத்தும் பின்னணியும் பிரியாது. இருபத்தஞ்சு வயசு இன்ஜினியர் கண்ணுக்குப் பளிச்னு தெரியறது, அறுபது வயசு அம்மா கண்ணுக்கு அப்படியே தெரியும்னு சொல்ல முடியாது.

21/ பார்வைப் பரப்பு. நம்ம ரெண்டு கண்ணும் சேர்ந்து பக்கவாட்டுல சுமார் 200 டிகிரி பார்க்கும். முதல் ஹோலோலென்ஸ் படம் காட்டின பரப்பு மூலைக்கு மூலை சுமார் 34 டிகிரி, ரெண்டாவதுல 52, ஓரியன்ல சுமார் 70. 2025-ல விற்பனைக்கு வந்த மெட்டா ரே-பேன் டிஸ்ப்ளேல 20. ஆனா அது 69 கிராம்தான்.

22/ கணக்கு புரியுதா? பரப்பு பெருசானா கண்ணாடி, ப்ரொஜெக்டர், பேட்டரி எல்லாம் பெருசாகும். ஒரு மெசேஜ் படிக்க 20 டிகிரி போதும், அறை முழுக்க படம் பார்க்கப் போதாது. இது குறை இல்லை, தேர்வு. நேர்மையா சொல்லிட்டு விக்கிற தேர்வுல எனக்குச் சண்டை இல்லை.

23/ எந்தக் கண்? எடையையும் விலையையும் குறைக்கச் சுலபமான வழி, ஒரே கண்ணுக்குத் திரை வைக்கிறது. 2013-ல வந்த கூகுள் கிளாஸ் வலது கண்ணுக்கு மேல் ஓரத்துல வச்சது. பெரும்பாலானவங்களுக்குப் பிரச்சனை இல்லை. ஆனா சோம்பேறிக் கண் மட்டுமே நூத்துக்கு ரெண்டு மூணு பேருக்கு இருக்கு. க்ளாக்கோமா, சர்க்கரை நோய், விபத்துன்னு ஒரு கண் பார்வையை இழந்தவங்க தனி.

24/ இவங்கள்ல வலது கண் போனவங்களுக்கு அந்த வடிவம் கதவைச் சாத்திடுது. "இடது கண் மாடலும் தர்றோம்"னு ஒரு முடிவு எடுத்தாப் போதும், கதவு திறக்கும். தொழில்நுட்பம் முடியாதுன்னு சொன்ன இடம் இல்லை இது. கணக்குப் புத்தகம் சொன்ன இடம்.

25/ பிடி. புதுசா கண்ணாடி போடும்போது ஆப்டிக்கல்ஸ்ல ஸ்கேலை மூக்கு மேல வச்சு ஒண்ணு அளப்பாங்களே, அதுதான். ஒரு கண்மணியிலிருந்து இன்னொரு கண்மணிக்கு உள்ள தூரம். பெரியவங்களுக்குச் சராசரி சுமார் 63 மில்லிமீட்டர். பெரும்பாலும் 50-லிருந்து 75-க்குள்ள இருக்கும். பெண்களுக்குச் சராசரி கொஞ்சம் குறைவு, குழந்தைகளுக்கு இன்னும் குறைவு.

26/ லென்ஸோட மையம் உங்க கண்மணிக்கு நேரா இல்லைன்னா ஓரம் மங்கும், கண் இழுக்கும், தலை வலிக்கும், தூரக் கணக்குத் தப்பும். விஷன் ப்ரோ மோட்டார் வச்சு 51 முதல் 75 மில்லிமீட்டர் வரை தானே சரிசெய்யும். குவெஸ்ட் 3-ல சக்கரம் திருப்பி 53 முதல் 75 வரை வச்சுக்கலாம். முதல் மேஜிக் லீப் ரெண்டு சைஸ்ல வந்தது, செருப்பு மாதிரி.

27/ அந்த மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் எடை உண்டு, விலை உண்டு. மெலிசா, மலிவா பண்ணணும்னா முதல்ல வெட்டப்படுறது இதுதான். அப்போ நடு அளவுக்காரங்க தப்பிச்சுடுவாங்க. ஓரத்துல இருக்கிறவங்க, அதாவது பிடி சின்னதா இருக்கிற பெண்களும் பிள்ளைகளும், "எனக்கு இதெல்லாம் ஒத்துக்காது"ன்னு தன்னையே குறை சொல்லிட்டு எடுத்து வச்சுடுவாங்க. குறை அவங்க மேல இல்லை.

28/ அறுவை சிகிச்சை பண்றவங்க கண்ணுல மாட்டுற லூப்பைப் பார்த்திருப்பீங்க. பெருக்கிக் காட்டும் கண்ணாடி. அதை ஆர்டர் பண்றப்போ பிடி, பவர், கை வேலை செய்யற தூரம், தலை எவ்வளவு குனியும்ங்கிறது வரை அளந்துதான் செய்வாங்க. ரெண்டு லென்ஸ் வச்ச சாதனத்துக்கே இவ்வளவு அளவு. திரையும் சிப்பும் வச்சதை மட்டும் எல்லாருக்கும் ஒரே சட்டையாத் தைக்கலாமா?

29/ குவியம். இதுதான் கொஞ்சம் கஷ்டமான பகுதி, சின்ன சோதனை பண்ணிப் பாருங்க. விரலை மூக்குக்கு ஒரு சாண் தள்ளி வச்சு உத்துப் பாருங்க. ரெண்டு கண்ணும் உள்பக்கம் திரும்பும், கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸும் கிட்டப் பார்வைக்கு மாறும். தூரத்துச் சுவரைப் பார்த்தா ரெண்டும் தளரும். பிறந்த நாள் முதலா ரெண்டும் சேர்ந்தே வேலை செய்யப் பழகினவை.

30/ ஹெட்செட்ல இந்தச் ஜோடி பிரியும். ஹோலோலென்ஸ் திரையோட குவியம் சுமார் 2 மீட்டர்ல நிலையா இருக்கு. படத்துல ஒரு பொருள் அரை மீட்டர்ல இருக்கிற மாதிரி காட்டினா, கண்கள் அரை மீட்டருக்குத் திரும்பும், லென்ஸ் மட்டும் 2 மீட்டர்லயே நிக்கணும். ஒரு கட்டளையைக் கேட்டா இன்னொண்ணு கெடும். பலருக்குக் கண் வலி, தலைவலி வர முக்கியக் காரணம் இது.

31/ முதல் மேஜிக் லீப்ல கிட்டத்துக்கு ஒண்ணு, தூரத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு குவியம் வச்சாங்க. உதவுச்சு. ஆனா கண்ணாடி அடுக்கு கூடிடுச்சு. அடுக்கு கூடினா ஒளி குறையும், விலை ஏறும். மறுபடி அதே கடன்.

32/ வேடிக்கை என்னன்னா, நாப்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவங்களுக்கு இந்தச் சண்டை குறைவு. அவங்க லென்ஸ்தான் ஏற்கெனவே அசையறதை நிறுத்திடுச்சே! வயசாச்சேன்னு கவலைப்படுறவங்களுக்கு ஒரு சின்ன ஆறுதல் பரிசு. இளசுகளுக்குத்தான் இங்கே கஷ்டம் கூட.

33/ ஆனா கை வேலைன்னு வந்தா சிரிப்பு இல்லை. இத்தாலியின் பீசா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹோலோலென்ஸை மாட்டிவிட்டு, அது காட்டுற கோட்டின் மேல காகிதத்துல கோடு போடச் சொன்னாங்க. வெறும் கண்ணோட போட்டதை விடப் பிழை அதிகம். கோட்டையும் காகிதத்தையும் ஒரே நேரத்துல கூர்மையா பார்க்க முடியறதில்லை. காகிதத்துல பிசகினா ரப்பர் இருக்கு. முதுகெலும்புல ஸ்க்ரூ போடுறப்போ இல்லை.

34/ அதுக்காக ஆபரேஷன் தியேட்டர்ல ஏஆரே கூடாதுன்னு சொல்லலை. முதுகெலும்பு அறுவைக்குன்னே செஞ்ச ஆக்மெடிக்ஸ் கருவிக்கு 2019-ல அமெரிக்க எஃப்டிஏ அனுமதி கிடைச்சது, 2020-ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல பயன்படுத்தினாங்க. அந்த வேலைக்குன்னு செஞ்சு, சோதிச்சு, அனுமதி வாங்கின கருவி அது. எல்லா வேலைக்கும்னு செஞ்சதை எடுத்துட்டு வந்து அந்த வேலைக்கு மாட்டுறது வேற.

35/ பவர். கண்ணாடி போடுறவங்க இந்த நாட்டுல எத்தனை பேர்! ஹோலோலென்ஸ் உங்க கண்ணாடி மேலேயே உக்காரும், அந்த இடைவெளி விட்டதால பெருசா இருக்கும். விஷன் ப்ரோ முகத்தோட ஒட்டி இருக்கணும்னு முடிவெடுத்தது, அதனால தனி லென்ஸ் வாங்கணும். அறிமுகமானப்போ வெள்ளெழுத்துக்கு 99 டாலர், பவருக்கு 149 டாலர். மெலிசான கண்ணாடிகள்ல குறிப்பிட்ட எல்லை வரைதான் பவர் போட முடியும். மைனஸ் எட்டு, பத்து இருக்கிறவங்க ஆர்டருக்கு முன்னாடி இதைக் கேட்டே ஆகணும்.

36/ தாமதம். இன்னொரு சோதனை. இந்தப் பதிவைப் படிச்சுக்கிட்டே தலையை மெதுவா இட வலமா ஆட்டுங்க. எழுத்து தெரியும். இப்போ தலையை அசைக்காம போனை அதே வேகத்துல ஆட்டுங்க. மங்கும். ஏன்? தலை அசைஞ்சா உட்காது கண்ணுக்குச் செய்தி அனுப்பி, சுமார் 10 மில்லி செகண்ட்ல கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பிடும். அவ்வளவு வேகமான அனிச்சைச் செயல்.

37/ கேமரா வழியில, உலகமே கேமரா, சிப், திரைன்னு சுத்தி வருது. காதும் கண்ணும் வேற வேற செய்தி சொன்னா குமட்டல் வரும், பஸ்ஸுல படிச்சா வர்ற மாதிரி. கேமரா காட்சியை 12 மில்லி செகண்டுக்குள்ள திரைக்கு அனுப்புறதாச் சொல்ற ஆப்பிள், அந்த ஒரு வேலைக்காகவே தனி சிப் வச்சிருக்கு. கண்ணாடி வழியில உலகம் உடனே தெரியும், ஒட்டின படம் மட்டும் பின்தங்கி மிதக்கும். தொந்தரவு ரெண்டுலயும் உண்டு, ரகம் வேற.

38/ என்னைக் கேட்டா இதை விடப் பெரிய கேள்வி ஒண்ணு இருக்கு. கருவி திடீர்னு நின்னா? கண்ணாடி வழியில படம் மறையும், உலகம் இருக்கும். கேமரா வழியில உலகமே மறையும். வீட்டு சோபாவுல அது சின்ன எரிச்சல். மாடிப்படியில, ஏணி மேல, ஓடுற மிஷினுக்குப் பக்கத்துல அது விபத்து.

39/ 2024-ல விஷன் ப்ரோ வந்த கையோட அதை மாட்டிக்கிட்டு கார் ஓட்டுற வீடியோக்கள் சுத்தின. ஓட்டும்போது கவனம் ரோட்டுல இருக்கணும்னு அமெரிக்கப் போக்குவரத்துத் துறை அமைச்சர் பீட் புட்டிஜெஜ் பொதுவெளியில நினைவுபடுத்த வேண்டி வந்தது. வண்டி ஓட்டும்போது கூடாதுன்னு கம்பெனியே சொல்லியிருக்கு. நம்ம ஆட்களுக்கும் சொல்றேன்: டூ வீலர்ல எந்த ஏஆரும் வேண்டாம், ப்ளீஸ்.

40/ பிடிக்கலைன்னா கழட்டி வச்சுடலாமேன்னு கேட்பீங்க. வாங்கினவர் கழட்டலாம். மாட்டச் சொல்லி உத்தரவு வந்தவர்? அமெரிக்க ராணுவம் 2021-ல ஹோலோலென்ஸ் அடிப்படையில சிப்பாய்களுக்கு ஐவாஸ்ங்கிற ஹெட்செட் செய்ய, 10 வருஷத்துல அதிகபட்சம் சுமார் 2,188 கோடி டாலர் மதிப்புக்கு ஒப்பந்தம் போட்டது.

41/ களச் சோதனையில சிப்பாய்கள் தலைவலி, கண் சோர்வு, குமட்டல்னு சொன்னாங்க. 2022-ல இது வெளியில வந்தது. அடுத்த வடிவத்துல திரையை மேலே தூக்கி விடுற மாதிரியும் எடையைச் சமன் பண்ற மாதிரியும் மாத்த வேண்டியதாச்சு. 2025-ல திட்டமே ஆண்டுரில் கம்பெனி பொறுப்புக்குப் போறதா அறிவிச்சாங்க. அத்தனை கோடி டாலர் இருந்தும் கழுத்தும் கண்ணும் உட்காதும் சமரசத்துக்கு வரலை.

42/ நாளைக்கு இதே விஷயம் குடோன்லயும் ஃபேக்டரியிலயும் நடக்கும். நூறு தொழிலாளிக்கு ஒரே மாடல்ல வாங்கி வரிசையா மாட்டுவாங்க. தலை சுத்துதுன்னு சொல்ற பொண்ணை "வேலைக்குச் சாக்கு"ன்னு சொல்வாங்க. அவங்க பிடி என்னன்னு யாரும் அளந்திருக்க மாட்டாங்க. நான் பயப்படுறது இதுக்குத்தான்.

43/ இன்ஜினியர்களை வில்லன் ஆக்கலை. பௌதிக விதியை யாரும் மீற முடியாது, எல்லாருக்கும் பொருந்தற ஒரே கருவி வராது. ஒருத்தருக்குப் பாரமா இருக்கிறது இன்னொருத்தருக்கு வரம்ங்கிறதும் உண்மை. பார்வை ரொம்பக் குறைஞ்சவங்களுக்காகக் கனடாவுல உருவான ஈசைட், கேமரா வழிக் கருவிதான். காட்சியைப் பெருக்கி, எழுத்தைக் கறுப்பு வெள்ளையாப் பிரிச்சுக் காட்ட கேமரா வழியில சுலபம். அவங்களுக்கு அந்தப் பாரம் நியாயமான விலை.

44/ அதனால "எது பெஸ்ட்"ங்கிற கேள்வியே தப்பு. மருந்துல நாங்க அப்படிக் கேட்க மாட்டோம். யாருக்கு, எந்த அளவு, யாருக்குக் கூடாதுன்னுதான் கேட்போம். மாத்திரையோட உள்ள மடிச்சு வச்சிருக்கிற காகிதத்துல யார் சாப்பிடக் கூடாதுன்னு இருக்கும். தலையில மணிக்கணக்கா மாட்டுற கருவிக்கும் அப்படி ஒரு காகிதம் வேணும். சின்ன எழுத்துல இணையத்துல எங்கேயோ இல்லை, பெட்டி மேல.

45/ என் பட்டியல்:
அ. எந்தப் பிடி முதல் எந்தப் பிடி வரை?
ஆ. படம் எந்தக் கண்ணுக்கு? மாத்த முடியுமா?
இ. எந்தப் பவர் வரை? சிலிண்டர் பவர் உண்டா?
ஈ. குவியம் எத்தனை மீட்டர்ல?
உ. மொத்த எடை எவ்வளவு, அதுல முகத்துக்கு முன்னாடி எவ்வளவு?
ஊ. பவர் போனா மாட்டினவருக்கு என்ன தெரியும்?
ஆறே வரி. இது எல்லாமே செய்யறவங்களுக்குத் தெரிஞ்ச கணக்குதான்.

46/ வாங்கப் போறவங்களுக்கு: முதல்ல கண் பரிசோதனை, ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியா மூடி. பிடியை எழுதி வாங்கிக்கோங்க. அஞ்சு நிமிஷ டெமோ போதாது, அரை மணி நேரம் மாட்டிப் பாருங்க. மாறுகண், வலிப்பு, ஒத்தைத் தலைவலி, தலைசுற்றல், கழுத்துத் தேய்மானம் இருந்தா உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்குங்க. பிள்ளைகளுக்குன்னா கம்பெனி சொல்ற வயசு வரம்பைப் பாருங்க: ஆப்பிள் 13, மெட்டா 10.

47/ வேலையிடத்துக்கு வாங்குறவங்களுக்கு: மாட்டப் போறவங்களோட பிடியை அளந்துட்டு மாடலை முடிவு பண்ணுங்க. கழட்டி வைக்க இடைவேளை கொடுங்க. ஒத்துக்கலைன்னு சொல்றவங்களுக்கு அதே வேலையை வேற விதமாச் செய்ய வழி வைங்க. சம்பளத்துல கை வைக்காதீங்க.

48/ அந்த அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. தம்பி ஆர்டர் போடலை. ரெண்டு கண்ணுக்கும் காட்டுற மாடல் ஏதாவது அவங்க பவருக்கும் மூக்குக்கும் பொருந்துதான்னு தேடிக்கிட்டு இருக்கார். அதுவரைக்கும் போன்லேயே பேச்சை எழுத்தா காட்டுற வசதியைப் பெரிய எழுத்துல வச்சுக் கொடுத்திருக்கார்.

49/ போன வாரம் செக்கப்புக்கு வந்தப்போ அம்மா போனை என் மேஜை மேல தண்ணி பாட்டில்ல சாய்ச்சு வச்சுட்டு, "இப்போ சொல்லுங்க டாக்டர்"ன்னாங்க. நான் சொன்னதை இடது கண்ணால படிச்சு, எழுத்துல வந்த ஒரு தப்பைக் காட்டிச் சிரிச்சாங்க. அந்தக் கருவி எந்தக் கண்ணால பார்க்கணும்னு அவங்களைக் கேட்கலை.

50/ கேள்வி இருந்தா கீழே கேளுங்க, ஓபி முடிஞ்சதும் பதில் சொல்றேன். "எந்த மாடல் வாங்கலாம்"னு மட்டும் கேட்காதீங்க. உங்க பிடி என்னன்னு நான் திருப்பிக் கேட்பேன்.